பத்து வருடம் வரையாமல் இருந்த ஓவியர்: மரியானே வெரெஃப்கின் பற்றி ஒரு இழை

வாசகர் கேள்வி:

மரியானே வெரெஃப்கின் என்று ஒரு ரஷ்ய ஓவியர். ரேபினின் மாணவி. 'ரஷ்ய ரெம்பிராண்ட்' என்றெல்லாம் பேர் வாங்கியவர். 1896இல் யவ்லென்ஸ்கி என்ற ஆளோடு மியூனிக் போய், அவன் முன்னுக்கு வரட்டும் என்று தான் வரைவதையே நிறுத்திவிட்டார். பத்து வருடம்! கடைசியில் அவன் வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டான். இவரை நவீன ஓவியத்தின் முன்னோடி என்று கொண்டாடுவது எதற்கு? ஏமாந்த பெண் என்று சொன்னால் போதாதா?

9 ஜனவரி 2023

போதாது. ஏமாறுவதற்கு ஒருவர் எளியவராக இருக்க வேண்டும். அந்த ஜோடியில் எளியவர் யவ்லென்ஸ்கிதான்.

வெரெஃப்கின் பிறந்தது 1860இல், துலாவில். அப்பா ஜெனரல், பின்னாளில் பீட்டர்ஸ்பர்கில் பீட்டர்–பால் கோட்டையின் தளபதி. அம்மாவும் ஓவியர். மகள் வரைய வேண்டும் என்றதும் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. இல்யா ரேபினையே ஆசிரியராக ஏற்பாடு செய்தார்கள். ரேபின் அப்போது ரஷ்யாவின் யதார்த்த ஓவியர்களில் முதல் வரிசை ஆள். லிதுவேனியாவில் பிளகதாத் என்ற குடும்பப் பண்ணை வேறு. கோடைகாலம் முழுக்க அங்கே சுற்றுவட்டாரத்து ஏழை மக்களை உட்கார வைத்து வரைந்துகொண்டிருந்தார்.

1888இல் வேட்டைக்குப் போன இடத்தில் தன் துப்பாக்கியாலேயே தன் வலது கையைச் சுட்டுக்கொண்டார். விபத்துதான். வரைகிற கை. தூரிகையைப் பிடிக்க மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. பழகினார். அதே ஆண்டு ரேபின் அவரை வரைந்த படம் இப்போது ஜெர்மனியில் வீஸ்பாடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1893இல் மாலுமிச் சட்டை போட்டுக்கொண்டு தன்னையே வரைந்த படம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்து 'ஏமாந்த பெண்' என்று எழுதுங்கள், பார்க்கலாம்.

யவ்லென்ஸ்கி 1892இல் அறிமுகமானபோது இருபத்தெட்டு வயது ராணுவ அதிகாரி. வரைய ஆசை நிறைய, கையில் காசு குறைவு. பேரும் இல்லை. அவருக்குத்தான் இவர் தேவைப்பட்டார்.

9 ஜனவரி, கொஞ்சம் கழித்து

சரி, அப்படியானால் ஏன் நிறுத்தினார்? அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று எல்லோரும் சொல்வது: பெண்ணாக இருந்துகொண்டு தான் நினைக்கிற உயரத்துக்குப் போக முடியாது, ஒரு ஆணின் கை வழியாகத்தான் முடியும் என்று நம்பியது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் வீட்டிலேயே ஊறியிருந்த நம்பிக்கை அது, அவரும் அதைக் குடித்து வளர்ந்தவர்தான். தன் குறிப்பேட்டில் ஒரு இடத்தில் தன்னையே குறுக்கு விசாரணை செய்கிறார்: நான் கலைஞரா, ஆமாம், நான் பெண்ணா, ஐயோ, ஆமாம், இரண்டும் சேர்ந்து வேலை செய்யுமா, இல்லை. இப்படிப் போகிறது. வாசிக்கக் கஷ்டமாக இருக்கும்.

இரண்டாவது காரணத்தை அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. ரேபின் பாணி அவருக்கு அலுத்துவிட்டது. அதில் போக வேண்டிய தூரம் போயாகிவிட்டது, அடுத்தது என்ன என்று தெரியவில்லை. தெரியாதபோது பழையதையே வரைந்து விற்றுக்கொண்டிருக்கலாம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். இவர் செய்யவில்லை. என் கணக்கில் இது பாதிக்குப் பாதி.

11 ஜனவரி

"அப்படியானால் அந்தப் பத்து வருடம் என்னதான் செய்தார், சும்மா டீ போட்டுக் கொடுத்தாரா?" என்று ஒருவர்.

டீயும் கொடுத்தார். அந்த டீ மேசையிலிருந்துதான் பாதி ஜெர்மன் நவீன ஓவியம் எழுந்து வந்தது.

மியூனிக்கில் வேலை பார்த்த காலத்தில் நான் தினமும் இறங்கியது கீசலாஷ்ட்ராஸே சுரங்க ரயில் நிலையம். பல்கலைக்கழகத்துக்கு அடுத்த நிறுத்தம். மேலே ஏறினால் ஷ்வாபிங். அந்தத் தெருவில் 23ஆம் எண்ணில்தான் வெரெஃப்கின் வீடு, இரண்டு குடியிருப்புகளைச் சேர்த்து எடுத்தது. வருடக்கணக்கில் அந்த வழியாகப் போய்வந்தும் எனக்கு இது தெரியாது. நவீன ஓவியத்தின் பெரிய பேர்களான காண்டின்ஸ்கி எங்கே இருந்தார், கிளே எங்கே இருந்தார் என்று சக ஊழியர்கள் காட்டியிருக்கிறார்கள். இவரைப் பற்றி யாரும் மூச்சு விட்டதில்லை.

1897லேயே அந்த வீட்டில் 'லூக்கா சகோதரர்கள்' என்று ஒரு வட்டத்தை அவர் தொடங்கிவிட்டார். புனித லூக்கா ஓவியர்களின் காவலர், அதனால் அந்தப் பெயர். ஓவியர்கள், நடனக் கலைஞர்கள், நடிகர்கள், ரஷ்யாவிலிருந்து வந்துபோகிற பிரபுக்கள் எல்லோருக்கும் அது சத்திரம் மாதிரி. 'நபி' (Nabis) என்ற பாரிஸ் ஓவியர் குழுவைச் சேர்ந்த வெர்காடேயும் செருசியேயும் வந்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் கோகாங்கை நேரில் அறிந்தவர்கள் பேசிக் கேட்டது அந்த மேசையில்தான்.

1901 முதல் 1905 வரை எழுதிய குறிப்பேடுகள் தனி. பிரெஞ்சில், 'முகம் தெரியாத ஒருவருக்குக் கடிதங்கள்' என்ற தலைப்பில். யாருக்கு? தனக்குத்தான், தன்னுள் இருக்கிற இன்னொருவருக்கு. கண்ணால் பார்ப்பதை அப்படியே பிரதி எடுப்பது கலை ஆகாது, உள்ளே நடப்பதை வண்ணமாக்க வேண்டும் என்று அதில் திரும்பத் திரும்ப வருகிறது. இதே மாதிரி கருத்தைப் பேசுகிற காண்டின்ஸ்கியின் புகழ்பெற்ற புத்தகம், 'கலையில் ஆன்மிகம் குறித்து', அச்சாகி வந்தது 1911 கடைசியில். நான் ஒன்றும் சொல்லவில்லை, தேதிகளை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன்.

11 ஜனவரி

இன்னொன்று. வரையாமல் இருந்தவர் 1906–07இல் மறுபடி தொடங்கினார் அல்லவா? தொடங்கியபோது தட்டுத் தடுமாறவில்லை. 1907இல் வரைந்த 'இலையுதிர்காலம் (பள்ளி)' படத்தைத் தேடிப் பாருங்கள். பள்ளிப் பெண்கள் வரிசையாக ஏரிக்கரையில் நடக்கிறார்கள். ரேபின் வாசனையே இல்லை. அந்த வருடம் மியூனிக்கில் அவரைச் சுற்றி இருந்தவர்களில் இவ்வளவு தூரம் போனவர் யாரும் இல்லை. காண்டின்ஸ்கி அப்போதும் பழைய ரஷ்யா, குதிரை, கோட்டை என்று தேவதைக் கதைப் படங்கள் வரைந்துகொண்டிருந்தார்.

18 ஜனவரி

பணம். பணத்தைப் பேசாமல் இந்தக் கதை நகராது.

1896இல் அப்பா இறந்ததும் வெரெஃப்கினுக்கு ஜார் அரசிடமிருந்து ஓய்வூதியம் கிடைத்தது. வருடத்துக்கு 7000 ரூபிள். கல்யாணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். ஆகவே 'அவன் ஏன் இவரைக் கட்டிக்கொள்ளவில்லை' என்ற கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: கட்டிக்கொண்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி? யவ்லென்ஸ்கி மியூனிக்கில் அன்டோன் அஷ்பேயின் ஓவியப் பள்ளியில் படித்தது, 1903லும் 1906லும் பிரான்ஸ் போய் வான் கோ, கோகாங், மாட்டிஸ் என்று கண் திறந்துகொண்டு வந்தது, வாங்கிய சாயம், துணி எல்லாம் இந்தக் கணக்கில் வருகிற செலவு. இப்படி ஒரு புரவலர் எனக்குக் கிடைத்தால் நானும் ஏதாவது வரைந்திருப்பேன். (வேண்டாம், என் சித்திரங்களைப் பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள்.)

ஆண் புரவலர் இளம் பெண் ஓவியருக்கு இப்படிச் செய்திருந்தால் அவரை 'கலை வள்ளல்' என்று எழுதியிருப்பார்கள். வெரெஃப்கின் செய்ததால் 'தியாகம்'. இந்தத் 'தியாகம்' என்ற சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒரு திட்டமிட்ட ஆள் தெரிகிறார். புதிய ஓவியம் ஒன்று வர வேண்டும் என்று நினைத்தார். அதற்குக் காசு போட்டார், ஆளைத் தேர்ந்தெடுத்தார், இடம் கொடுத்தார். ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் பிசகு, அதுவும் ஓவியத்தைப் பொறுத்தவரை இல்லை. யவ்லென்ஸ்கி நிஜமாகவே நல்ல ஓவியர்.

18 ஜனவரி, இரவு

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். வேண்டுமென்றே ஒருவரை இதுவரை தள்ளி வைத்திருக்கிறோம், கேள்வி கேட்டவரும் சேர்த்து. 'வீட்டு வேலைக்காரப் பெண்' என்று ஒரு சொல்லில் கடந்துபோனோம். அவளுக்குப் பேர் ஹெலேனே நெஸ்நகமோவா.

1896இல் வெரெஃப்கின் வீட்டாரோடு மியூனிக் வந்தபோது அவள் சின்னப் பெண், பத்து பதினோரு வயது. அவளைப் பராமரிக்கிற பொறுப்பு வெரெஃப்கினுடையது. 1902 ஜனவரியில் அவளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் யவ்லென்ஸ்கி. அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. அவளுக்குப் பதினாறு இருக்கும். பிரசவம் மியூனிக்கில் நடக்கவில்லை, எல்லோருமாகக் கிளம்பிப் போய் இன்றைய லாத்வியாவில் ஒரு பண்ணையில் நடந்தது. ஆந்திரேயாஸ் என்று பேர். வெளியாரிடம் யவ்லென்ஸ்கியின் மருமகன் (உடன்பிறந்தாரின் பிள்ளை) முறை என்று சொல்லி வளர்த்தார்கள்.

இதைக் 'காதல் முக்கோணம்' என்று எழுதுகிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. முக்கோணத்தில் மூன்று முனையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இங்கே ஒரு முனை சம்பளம் வாங்குகிற சிறுமி.

ஓவியங்களில் அவள் நிறைய இருக்கிறாள். யவ்லென்ஸ்கி அவளை ஸ்பானிய உடையில் வரைந்த பெரிய படம் வீஸ்பாடனில் இருக்கிறது, அந்தக் காலத்து அவருடைய படங்களிலேயே கம்பீரமானது. வெரெஃப்கின் எழுதினார், யவ்லென்ஸ்கி கடைசிக் காலத்தில் நினைவுகளைச் சொல்லி எழுத வைத்தார், காண்டின்ஸ்கி எழுதினார், அவருடைய துணைவியான ஓவியர் முண்டர் எழுதினார். அந்த வீட்டில் எழுதாதவள் இவள் ஒருத்திதான்.

20 ஜனவரி

"அந்தக் காலத்தில் அது சகஜம்" என்று வந்த பதிலுக்கு: சகஜமாக இருந்தால் மருமகன் என்று பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

22 ஜனவரி

வேறு பக்கம் போவோம். ஒருவர் மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிற வெரெஃப்கினின் தன்னுருவப் படத்தை இணைத்து, "அழுது அழுது கண் சிவந்திருக்கிறது, பாவம்" என்று எழுதியிருக்கிறார்.

இல்லை ஐயா. அழுதால் வெள்ளைவிழி சிவக்கும். இந்தப் படத்தில் சிவந்திருப்பது கருவிழி. மனிதர்களுக்கு அப்படிச் சிவக்காது. அவர் வேண்டுமென்றே வைத்த சிவப்பு அது. தொப்பியிலும் அதே சிவப்பு இருக்கிறது, பின்னால் நீலமும் பச்சையும் சுழல்கின்றன. கழுத்தில் தூரிகைக் கோடுகள் வெளிப்படையாக நிற்கின்றன. 1910 வாக்கில் வரைந்தது, அவருக்கு ஐம்பது வயது. யவ்லென்ஸ்கி போனது அதற்குப் பதினொரு வருடம் கழித்து. படத்துக்கும் அந்தப் பிரிவுக்கும் சம்பந்தமே இல்லை.

நேரில் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இவ்வளவு சின்னதா என்று. 51 செ.மீ. உயரம், 34 செ.மீ. அகலம். அட்டைப் படங்களில் பெரிதாக்கிப் பெரிதாக்கி, சுவர் முழுக்க இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த அறையில் அதைவிடப் பெரிய படங்கள் எத்தனையோ இருந்தன. ஆனாலும் யாரும் அதன் முன்னால் நிற்காமல் போகவில்லை. என்னோடு வந்த நண்பர், ஓவியத்தில் எந்த ஆர்வமும் இல்லாதவர், "இந்த அம்மா நம்மை மதிப்பிடுகிறார்" என்றார். எனக்கு இன்றுவரை அதைவிட நல்ல விமரிசனம் கிடைக்கவில்லை.

அதே அருங்காட்சியகத்தில் கப்ரியேலே முண்டர் வரைந்த வெரெஃப்கினும் இருக்கிறார், 1909. பூ வைத்த பிரம்மாண்டமான தொப்பி, ஊதாச் சால்வை, பின்னால் பளீரென்று மஞ்சள். முர்னாவில் முண்டர் வாங்கிய வீட்டின் சுவர் அந்த மஞ்சள். படத்தில் ஒரு கம்பீரமான, கொஞ்சம் குறும்பான சீமாட்டி. அடுத்தவர் கண்ணுக்கு அப்படி, தன் கண்ணுக்கு இப்படி. இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு வருடம்.

22 ஜனவரி

முர்னாவ் என்றதும் ஒரு துணுக்கு. மியூனிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். 1908 கோடையில் நான்கு பேரும் (வெரெஃப்கின், யவ்லென்ஸ்கி, முண்டர், காண்டின்ஸ்கி) அங்கே போய்ச் சேர்ந்து வரைந்தார்கள். அடுத்த ஆண்டு முண்டர் வாங்கிய வீட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பேர் 'ரஷ்யர் வீடு'. வீட்டுச் சொந்தக்காரி முண்டர் பெர்லினில் பிறந்த அசல் ஜெர்மன்! வாங்கியவர் பேர் ஊர் வாயில் நிற்கவில்லை, வந்து தங்கியவர்கள் பேர் நின்றுவிட்டது. மாடிப்படியில் காண்டின்ஸ்கி வரைந்த குதிரை வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நாள் ஒதுக்கிப் போகலாம்.

25 ஜனவரி

வண்ணம் பற்றிக் கேட்டவருக்கு.

1906க்குப் பிறகு அவர் எண்ணெய் வண்ணத்தைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். டெம்பராவும் (எண்ணெய்க்குப் பதில் முட்டைக்கரு போன்ற பசையில் குழைத்த வண்ணம்) கவாஷும்தான், காகிதத்தில் வரைந்து அட்டையில் ஒட்டியது. கவாஷ் என்றால் பயப்பட வேண்டாம், பள்ளியில் நாம் தடவிய போஸ்டர் கலரின் பெரிய அண்ணன். தண்ணீரில் கரையும், சீக்கிரம் காயும், காய்ந்தால் மினுக்காது.

நான் அந்தச் சாயத்தில் வரைந்து பார்த்திருக்கிறேன். அதன் குணம் எண்ணெய்க்கு நேர் எதிர். எண்ணெய் வண்ணம் உங்களுக்கு அவகாசம் தரும், நாளைக்கு வந்து குழைத்துச் சரிசெய்துகொள்ளலாம். இது தராது. முடிவு செய்துவிட்டு உட்கார வேண்டும். மேலே இன்னொரு பூச்சு போட்டால் அடியிலிருப்பது கரைந்து மேலே வந்து சேறாகிவிடும். அவருடைய நீலங்களில் சேறு இல்லை. எல்லாம் முதலிலேயே ஓவியக் குறிப்பேட்டில் தீர்மானமாகிவிடும். கடைசிக் காலத்தில் அவர் வாழ்ந்த சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில் இருக்கிற அவருடைய அறக்கட்டளையில் அந்தக் குறிப்பேடுகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து வைத்திருந்த சிலதைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குள் படம் முழுசாக முடிந்திருக்கிறது.

எதை வரைந்தார் என்பதும் முக்கியம். யவ்லென்ஸ்கிக்கு முகம் போதும், காண்டின்ஸ்கிக்குப் போகப் போக எதுவுமே தேவைப்படவில்லை. இவருக்கு மட்டும் ஆட்கள் வேண்டும், வேலை செய்கிற ஆட்கள். 'கறுப்புப் பெண்கள்' படத்தில் கறுப்பு உடைப் பெண்கள் வெள்ளை மூட்டைகளைச் சுமந்து போகிறார்கள், பின்னால் நீல மலை. 'இரட்டையர்' படத்தில் கறுப்பு உடையில் இரண்டு தாய்மார்கள், மடியில் வெள்ளைத் துணியில் குழந்தைகள். துணி வெளுக்கிறவர்கள், ஓடு செய்கிற பட்டறை, கந்தல் பொறுக்குகிறவன். ஜெனரலின் மகள், ஜார் பணத்தில் சாப்பிடுகிறவர், இவர்களை வரைகிறார். பிளகதாத் பழக்கம் விடவில்லை என்றும் சொல்லலாம். அல்லது மூட்டை சுமக்கிற பெண்களை ஓவியத்தில் பார்த்தவர் தன் சமையலறையில் பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். 18ஆம் தேதிக் குறிப்பை எழுதியதிலிருந்து எனக்கு அந்தப் படங்கள் முன்பு போல் தெரியவில்லை.

29 ஜனவரி

"நீலக் குதிரைவீரன் குழுவை நிறுவியவர்" என்று ஒருவர் பதிவிட்டிருக்கிறார். மரியாதைதான், ஆனால் சரியில்லை. அது காண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் தொடங்கிய மியூனிக் ஓவியர் குழு.

1909இல் நிறுவியது 'மியூனிக் புதிய ஓவியர் சங்கம்'. அதன் பேச்சு சூடுபிடித்தது வெரெஃப்கின் வீட்டு வரவேற்பறையில், தலைவர் காண்டின்ஸ்கி. டிசம்பரில் தான்ஹாவுஸர் கேலரியில் முதல் கண்காட்சி, பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. 1911 டிசம்பரில் காண்டின்ஸ்கி ஒரு பெரிய படம் கொடுத்தார், 'கம்போசிஷன் V'. படம் அளவு மீறுகிறது என்று நடுவர் குழு தள்ளிவிட்டது. காண்டின்ஸ்கி, ஃபிரான்ஸ் மார்க், முண்டர் மூவரும் வெளியேறி, அதே மாதம் 18ஆம் தேதி அதே கேலரியில் நீலக் குதிரைவீரன் கண்காட்சியைத் திறந்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏற்பாடு முன்பே தயார்.

வெரெஃப்கினும் யவ்லென்ஸ்கியும் உடனே போகவில்லை. தள்ளிய படத்துக்காக வாதாடினார்கள், தோற்றார்கள், இன்னும் ஒரு வருடம் பழைய சங்கத்தில் இருந்தார்கள். கூட்டத்தில் அவர் அடித்த கிண்டல் பிரபலம்: நல்ல ஆட்களையும் நல்ல படத்தையும் இழந்துவிட்டு, இனி நாம் தூங்குகிற குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்ற பொருளில். 1912இல் அவரும் விலகி வந்தார். ஒரு வருடத் தாமதம்தான், ஆனால் கலை வரலாற்றுப் புத்தகங்கள் அந்த ஒரு கண்காட்சியை வைத்துத்தான் பெயர்ப்பட்டியல் எழுதுகின்றன.

4 பிப்ரவரி

"பிறகு என்ன ஆனார்?"

1914 கோடையில் வில்னாவிலிருந்து (இன்றைய வில்னியஸ்) திரும்பி வந்தார். அங்கே அவர் தம்பி ஆளுநர். வந்து சேர்ந்ததும் போர். ரஷ்யப் பிரஜைகள் ஜெர்மனியில் எதிரிகள் ஆகிவிட்டார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு சுவிட்சர்லாந்து ஓடினார்கள்: வெரெஃப்கின், யவ்லென்ஸ்கி, ஹெலேனே, பையன். முதலில் ஜெனீவா ஏரிக்கரையில் சான் பிரே, அப்புறம் சூரிச், 1918இல் அஸ்கோனா. 1917 புரட்சியோடு ஓய்வூதியம் போனது. ஜாரே போன பிறகு யார் கொடுப்பார்கள்?

1921இல் யவ்லென்ஸ்கி வீஸ்பாடனுக்குக் கிளம்பினார், அடுத்த வருடம் ஹெலேனேயை முறைப்படி மணந்தார். பையனுக்கு இருபது வயது. பணம் நின்று சில வருடங்களில் ஆள் போனார் என்று கூட்டிக் கழித்துப் பார்க்கத் தோன்றும். கேள்வி கேட்டவர் சொல்ல வருவதும் அதுதான். ஆனால் இருபது வருடம் மறைத்து வைத்த மகனுக்குத் தகப்பன் பேர் கொடுத்ததையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். யவ்லென்ஸ்கி செய்ததில் காலம் கடந்து செய்த ஒரே நியாயம் அது. வெரெஃப்கின் பக்கம் நின்று பார்த்தால் துரோகம், ஹெலேனே பக்கம் நின்றால் வேறு.

அறுபது வயதில் தனியாக, நாடில்லாமல், வருமானமில்லாமல் நின்ற வெரெஃப்கின் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தார். சுவரொட்டிகள் வரைந்தார். பீட்டர்–பால் கோட்டைத் தளபதியின் மகள், பையைத் தூக்கிக்கொண்டு மாத்திரை விற்கிறார். அழுகிற கதையாக இதை எழுதலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வருடங்களிலேயே அஸ்கோனாவின் நகராட்சி அருங்காட்சியகம் தொடங்கக் கைகொடுத்தார், 1924இல் 'பெரும் கரடி' என்று ஏழு பேர் ஓவியர் குழுவைச் சேர்த்தார். மீனவர்களையும் புயலையும் வரைந்தார். ஊர் அவரைப் பாட்டி என்று கூப்பிட்டது.

6 பிப்ரவரி

இன்றுதான் அவர் இறந்த நாள், 1938. ரஷ்ய மரபுவழித் திருச்சபை முறைப்படி அஸ்கோனாவிலேயே அடக்கம், ஊரே திரண்டு வந்தது.

11 பிப்ரவரி

ஏன் மறந்தார்கள் என்ற கேள்விக்கு எல்லோரும் 'பெண் என்பதால்' என்று ஒரே மருந்தை எழுதிக் கொடுக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். யவ்லென்ஸ்கிக்கு 1916இல் எமி ஷெயர் என்ற இளம் பெண் ஓவியர் அறிமுகமானார். யவ்லென்ஸ்கியின் படங்களைப் பார்த்துவிட்டு எமி தான் வரைவதை நிறுத்தி, அவர் படங்களை விற்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார்! (ஆமாம், இரண்டாவது முறை. அந்த மனிதரிடம் என்னதான் இருந்ததோ.) 1924இல் காண்டின்ஸ்கி, கிளே, ஃபைனிங்கர், யவ்லென்ஸ்கி நால்வரையும் 'நீல நால்வர்' என்று சேர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அமெரிக்க அருங்காட்சியகங்கள், சேகரிப்பாளர்கள், புத்தகங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

வெரெஃப்கினுக்கு அப்படி ஒருவர் இல்லை. கடைசிக் காலத்தில் சூரிச் தம்பதி ஒருவர் உதவினார்கள், அது வாழ உதவியது. படங்கள் அஸ்கோனாவில் ஒரே இடத்தில் தங்கிவிட்டன. சந்தைக்கு வராத படத்துக்கு விலை இல்லை, விலை இல்லாத படத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒரு வகையில் நல்லதும்கூட, சிதறவில்லை. போனால் மொத்தமாகப் பார்க்கலாம்.

ஒரு அருங்காட்சியகத்தில் வழிகாட்டி ஒருவர் எங்கள் குழுவிடம் அவரை "யவ்லென்ஸ்கியின் தோழி, அவரும் வரைவார்" என்று அறிமுகப்படுத்தினார். 'அவரும் வரைவார்'. நான் ஒன்றும் சொல்லவில்லை, குழுவில் இருந்த ஒரு ஜெர்மன் மூதாட்டி சொன்னார். அதை இங்கே எழுதினால் நிர்வாகி நீக்கிவிடுவார்.

19 பிப்ரவரி

கோஞ்சரோவாவோடு ஒப்பிடச் சொன்னவருக்கு. தனி இழையே தேவைப்படும், சுருக்கமாக.

ரஷ்ய ஓவியர் நதாலியா கோஞ்சரோவா இருபத்தொரு வயது இளையவர், 1881இல் பிறந்தவர். மாஸ்கோ ஆள், வெளிநாடு போகாமலேயே நவீனம் ஆனவர். 1910இல் நிர்வாண ஓவியங்களுக்காக ஆபாச வழக்கு, விடுதலை. 1913இல் மாஸ்கோவில் எழுநூறுக்கும் மேற்பட்ட படங்களோடு தனிக் கண்காட்சி. எழுநூறு! வெரெஃப்கின் வரையாமல் இருந்த அந்தப் பத்து வருடத்தோடு இதை வைத்துப் பார்த்தால் கேள்வி கேட்டவர் பக்கம் கொஞ்சம் சாயத்தான் தோன்றுகிறது. ஆனால் கோஞ்சரோவா தொடங்கும்போது கதவு பாதி திறந்திருந்தது. அதைத் தள்ளியவர்களில் ரேபினின் இந்த மாணவியும் ஒருவர்.

கோஞ்சரோவாவின் துணைவர் லரியோனவ் அவரை வரையாமல் நிறுத்தவில்லை, இருவரும் சேர்ந்தே வளர்ந்தார்கள். ஆனால் அங்கேயும் பாரிஸ் வீட்டில் அலெக்சாந்திரா தொமீலினா என்று மூன்றாவது ஒருவர் பல வருடம் இருந்தார். லரியோனவும் கோஞ்சரோவாவும் பதிவுத் திருமணம் செய்தது 1955இல், ஏறக்குறைய எழுபத்தைந்து வயதில், யார் முதலில் போனாலும் படங்கள் மற்றவருக்குச் சேர வேண்டும் என்பதற்காக. 1962இல் கோஞ்சரோவா இறந்தார், அடுத்த வருடம் லரியோனவ் தொமீலினாவை மணந்தார். படங்கள் கடைசியில் யார் கைக்குப் போயின என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

19 பிப்ரவரி

பயணம் போகிறவர்களுக்கு: மியூனிக் லென்பாக்ஹவுஸில் தன்னுருவப் படமும் முண்டர் வரைந்ததும், வீஸ்பாடனில் ரேபின் வரைந்ததும் ஹெலேனேயின் ஸ்பானிய உடையும். மற்றதெல்லாம் அஸ்கோனா, லொக்கார்னோவரை ரயில், அங்கிருந்து பேருந்து. எல்லாப் படமும் எப்போதும் சுவரில் இருக்காது, கிளம்பும் முன் இணையதளத்தைப் பாருங்கள். வீஸ்பாடனில் யவ்லென்ஸ்கி அறைகளுக்கு எல்லோரும் வழி சொல்வார்கள். ரேபின் எங்கே என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.